பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியில் எது துரு, எது நிறம்?

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்து வைத்தால் இரண்டு தீர்ப்புகள் உடனே வந்து விழும். குழல் பழுப்பாக இருந்தால் "துருப்பிடிச்சுப் போச்சு". கறுப்பாகப் பளபளத்தால் "அருமையா வச்சிருக்காங்க". இரண்டுமே தப்பாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 1880-களில் பர்மிங்காமிலோ பெல்ஜியத்தின் லீஜிலோ செய்த துப்பாக்கி என்றால், அந்தப் பழுப்பு செய்தவரே வேண்டுமென்று கொடுத்த நிறமாக இருக்கலாம். அந்தக் கறுப்புப் பளபளப்போ, விற்பதற்கு முன் யாரோ குழலை மெருகுச் சக்கரத்தில் பிடித்து, எழுத்தெல்லாம் மழுங்கத் தேய்த்து, ரசாயனத் தொட்டியில் முக்கி எடுத்ததாக இருக்கலாம். முதல் வகையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அழிக்கிறார்கள். இரண்டாவது வகைக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு, ஏனென்றால் தேய்த்துவிட்ட நிறம் திரும்பி வராது.

இந்தக் கட்டுரை, துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கும் புரியவேண்டும் என்று எழுதியது. குழலின் நிறம் எங்கிருந்து வருகிறது, அது எப்படி மாறுகிறது, எதைப் பார்த்தால் என்ன தெரியும், எது தெரியவே தெரியாது, அவ்வளவுதான்.

நிறமே ஒரு வகைத் துருதான்

வீட்டில் பழைய இரும்பு அரிவாள்மணை இருந்தால் எடுத்துப் பாருங்கள். வெட்டும் விளிம்பு வெள்ளையாக இருக்கும். மேல் உடம்பு மட்டும் கரும்பழுப்பாக, வழவழப்பாக, கையில் ஒட்டாத ஒரு தோலோடு இருக்கும். அதையே ஒரு ராத்திரி ஈரத்தோடு விட்டால் காலையில் ஆரஞ்சு நிறத்தில் தூள் பூத்திருக்கும், தொட்டால் விரலில் ஒட்டும். கரும்பழுப்புத் தோலில் பெரும்பகுதியும் அந்த ஆரஞ்சுத் தூளும் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டானவைதான். ஒன்று கெட்டியாக ஒட்டிக்கொண்டு, மேலே எண்ணெய் தங்க இடம் கொடுத்து, அடியில் இருக்கும் இரும்பை ஓரளவு காக்கிறது. இன்னொன்று பொலபொலவென்று இருப்பதால் ஈரத்தைப் பிடித்து வைத்து, உள்ளே இன்னும் ஆழமாகத் தின்கிறது.

துப்பாக்கிக் குழலின் நிறத்துக்கும் அடிப்படை இதுதான். பழைய குழல்களில் இருக்கும் பழுப்போ கருநீலமோ பெயின்ட் கிடையாது, முலாமும் கிடையாது. இரும்பின் மேல்பரப்பையே அளவோடு துருப்பிடிக்க விட்டு, சரியான இடத்தில் நிறுத்தி, எண்ணெயால் அடைத்தது. அதனால் "துரு இருக்கா இல்லையா" என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. எந்தத் துரு, யார் கொண்டுவந்தது, இன்னும் தின்றுகொண்டிருக்கிறதா, இதைத்தான் கேட்க வேண்டும்.

பிரவுனிங்கும் ப்ளூயிங்கும்

பிரவுனிங் என்பது குழலுக்குப் பழுப்பு நிறம் கொடுக்கும் வேலை. அதே பெயரில் இருக்கும் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. குழலை எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் துடைத்து, துருவைக் கிளப்பும் கரைசலை மிக மெல்லிசாகத் தடவி, ஈரப்பதமான பெட்டிக்குள் சில மணி நேரம் வைப்பார்கள். மேலே செம்பழுப்பாகப் பஞ்சு பூத்தாற்போல் துரு கிளம்பும். மென்மையான கம்பித் தூரிகையால் அந்தப் பஞ்சை மட்டும் எடுத்துவிட்டால் அடியில் ஒட்டிய மெல்லிய நிறம் தங்கும். மறுபடி தடவல், மறுபடி பெட்டி, மறுபடி தூரிகை. இப்படிப் பல சுற்று போனால்தான் ஆழமான பழுப்பு வரும். நாள்கணக்கில் இழுக்கும், பொறுமை கேட்கும் வேலை.

ப்ளூயிங் என்பது கருநீலம் அல்லது கறுப்பு நிறம் கொடுக்கும் வேலை. பழைய முறையில் இதற்கும் பிரவுனிங்குக்கும் ஒரே ஒரு படிதான் வித்தியாசம். துரு பூத்ததும் குழலைக் கொதிக்கும் தண்ணீரில் போடுவார்கள். அந்தக் கொதியில் செந்துரு கறுப்பு ஆக்சைடாக மாறிவிடும், மேக்னடைட் என்ற தாதுவும் இதே பொருள்தான். அப்புறம் வழக்கம்போலத் தூரிகை, அடுத்த சுற்று. மேலே சொன்ன பழுப்பும் இந்தக் கறுப்பும் அவ்வளவு நெருங்கிய உறவு. இங்கிலாந்தில் இந்தக் கொதி முறை நிறத்தை நீலம் என்று சொல்லாமல் கறுப்பாக்குதல் என்றே சொல்வார்கள், பார்வைக்கும் அது கறுப்பாகத்தான் இருக்கும், வெயிலில் சாய்த்துப் பிடித்தால்தான் நீலம் எட்டிப் பார்க்கும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, பழந்துப்பாக்கியில் நமக்குத் தலைவலி கொடுப்பது அதுதான். சூடான காரத் தொட்டி முறை. காஸ்டிக் சோடாவையும் நைட்ரேட் உப்புகளையும் சேர்த்து சுமார் 140 டிகிரி செல்சியஸில் கொதிக்க வைத்து அதில் குழலை முக்குவது. அரை மணி நேரத்துக்குள் ஜெட் கறுப்பாக வந்துவிடும், மலிவு, வேகம். ஆனால் தொழிற்சாலைகளில் இது பரவியது 1930-களில்தான். அதற்கு முன் செய்த துப்பாக்கியில் இந்த நிறம் இருந்தால் பிறகு யாரோ போட்டது.

இதுவரை சொன்னதன் சாரம்: பழுப்பும் கறுப்பும் இரண்டுமே கட்டுப்படுத்திய துரு. கொதிக்கவைத்தால் கறுப்பு, வைக்காவிட்டால் பழுப்பு. காரத் தொட்டி பிற்காலத்தது.

டமாஸ்கஸ் குழலில் நிறம் இல்லாவிட்டால் கோலமே இல்லை

19-ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கிகள் பலவற்றில் குழல் முழுக்கச் சுருள் சுருளாக ஒரு கோலம் ஓடும். இரும்புப் பட்டைகளையும் எஃகுப் பட்டைகளையும் அடுக்கி, சூடாக்கி அடித்து ஒன்றாக்கி, கம்பியாக இழுத்து, முறுக்கி, அந்த முறுக்கிய கம்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து நாடாவாக்கி, ஒரு தண்டின் மேல் சுற்றி, சுற்று சுற்றாக அடித்து ஒட்டவைத்தது. இதுதான் டமாஸ்கஸ் குழல். பெல்ஜியத்தில் லீஜுக்குப் பக்கத்து வெஸ்ட்ர் ஆற்றுப் பள்ளத்தாக்கில், நெசோன்வோ என்ற ஊரைச் சுற்றி, குடும்பம் குடும்பமாக இதைச் செய்தார்கள். பர்மிங்காமிலும் செய்தார்கள். அமெரிக்காவில் மெரிடன் ஊர் பார்க்கர் பிரதர்ஸ் போன்ற நல்ல பெயர் எடுத்த கம்பெனிகள்கூட டமாஸ்கஸ் குழல்களைப் பெல்ஜியத்திலிருந்துதான் தருவித்தன.

தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்துபோன உருக்கு எஃகில் செய்த வாள்களையும் டமாஸ்கஸ் என்றுதான் சொல்வார்கள், அதனால் நம்மில் பலர் இந்தக் குழல்களும் அதே எஃகு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. வாளின் கோலம் மூசையில் உருக்கிய எஃகு மெதுவாக உறையும்போது தானாக வந்தது, குழலின் கோலம் முறுக்கிச் சுற்றி ஒட்டியதால் வந்தது.

சரி, நிறத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மெருகு மட்டும் போட்டு விட்டால் இரும்பும் எஃகும் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும், கோலம் கண்ணுக்கே படாது. இரண்டும் ஒரே வேகத்தில் துருப்பிடிப்பதில்லை, அமிலம் பட்டாலும் ஒரே அளவு அரிக்காது. பிரவுனிங் போடும்போது ஒன்று கருமையாகவும் இன்னொன்று வெளிறியும் நிற்பதால்தான் சுருள் தெரிகிறது. ஆக, டமாஸ்கஸ் குழலின் பழுப்பை யாராவது "சுத்தம்" செய்தால் அந்தக் கைவேலையின் முகமே போய்விடும். கோலம் உலோகத்தின் கனம் முழுக்க இருப்பதால், தேர்ந்த கைவினைஞர் திரும்பவும் பிரவுனிங் போட்டு அதைக் கொண்டுவர முடியும் என்பது ஒரு ஆறுதல்.

போலியும் உண்டு. சாதாரண எஃகுக் குழல் மேல் கோலத்தை அமிலத்தாலோ காகித அச்சாலோ பதித்து, டமாஸ்கஸ் என்று மலிவு விலையில் ஏராளமாக விற்றார்கள். கைபட்டுத் தேய்ந்த இடத்தில் கோலம் அடியோடு மறைந்து வெறும் சாம்பல் எஃகு தெரிந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையான குழலில் தேய்ந்த இடத்தில் கோலம் மங்கும், ஆனால் லென்ஸில் பார்த்தால் நூலிழை போலத் தொடரும்.

பார்க்க உட்காரும் முன்

முதலில் தோட்டா இருக்கிறதா என்று பாருங்கள். மடக்கித் திறக்கும் துப்பாக்கி என்றால் திறந்தால் தெரிந்துவிடும். வாய் வழியாக மருந்து இடிக்கும் பழைய வகையில் அப்படித் தெரியாது. ஒரு மரக்குச்சியைக் குழல்வாய் வழியாக உள்ளே முட்டும்வரை விட்டு, வாய்க்கு நேரே அடையாளம் வைத்து, அதே குச்சியை வெளியில் குழலோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். அடிவரை எட்டவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது, எத்தனையோ தலைமுறைக்கு முன் இடித்த மருந்தும் குண்டுமாகக்கூட இருக்கலாம், கருமருந்து காய்ந்து இருந்தால் வீரியம் போகாது. அங்கேயே நிறுத்திவிட்டு உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளரிடம் கொடுங்கள். அப்புறம், இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது, தாத்தாவின் துப்பாக்கி என்றாலும் உரிமம் யார் பெயரில் என்பதைத் தெரிந்துகொண்டு கை வையுங்கள்.

வெளிச்சம் ரொம்ப முக்கியம். கடைகளில் மேலிருந்து அடிக்கும் மஞ்சள் விளக்கில் எல்லாக் குழலும் அழகாகத்தான் இருக்கும். பகலில் ஜன்னல் ஓரமாகப் போங்கள். பத்து மடங்கு காட்டும் ஒரு லென்ஸ், ஒரு பழைய பருத்தித் துணி, ஒரு சின்ன டார்ச், இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

எங்கே தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள்

புதிதாகப் பார்க்கிறவர்கள் எவ்வளவு நிறம் மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். அனுபவப்பட்டவர்கள் எங்கே போயிருக்கிறது என்று பார்ப்பார்கள். நிறம் போவதற்குக் காரணம் வேண்டும். இங்கிலீஷ் பாணி இரட்டைக்குழலில் குழலுக்கு அடியில் இருக்கும் மரத்துண்டு, அதாவது முன்கட்டை, ரொம்பச் சின்னது. சுடுபவரின் இடது கை அதைத் தாண்டிக் குழலையே பிடிக்கும். அதனால் முன்கட்டைக்கு முன்னால் ஒரு சாண் அளவுக்கு நிறம் வெளிறி, இரண்டு பக்கமும் விரல் சுற்றிய இடத்தில் சாம்பலாகி இருப்பது இயல்பு. குழல்வாயின் விளிம்பு, உறையில் போட்டு எடுத்ததால் வெளுத்திருக்கும். அடிப்பகுதியில் இரண்டு பக்க விளிம்பும் அப்படியே.

இனி முன்கட்டையைக் கழற்றுங்கள். எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். மரத்துக்கு அடியில் வெயில் படாது, கை படாது, அதனால் செய்தவர் கொடுத்த நிறம் அங்கே ஓரளவு அப்படியே இருக்கும். மரத்தின் ஓரம் உட்கார்ந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு தெரியும். கோட்டுக்கு உள்பக்கம் கருமை ஆழமாக, வெளிப்பக்கம் பழுப்பு கலந்து மங்கலாக. அந்தக் கோட்டை லென்ஸில் பார்த்தால் நிறம் வெட்டினாற்போல் நிற்காமல், மரமும் உலோகமும் உரசிய இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மங்குவது தெரியும். இந்தக் கோடு இருந்தால் வெளியில் இருப்பது வயசான நிறம்தான் என்று கிட்டத்தட்ட நம்பலாம். உள்ளும் வெளியும் ஒரே கறுப்பு, ஆனால் பின்கட்டையின் கைப்பிடியில் செதுக்கிய கட்டங்கள் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டன என்றால், மரம் அறுபது வருஷம் உழைத்திருக்கிறது, குழல் நேற்றுப் பிறந்திருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை.

ஒத்துப்போவதுதான் இங்கே எல்லாமே. குழல், விசைக்காப்பு, திருகுகள், மரம், இவை எல்லாம் ஒரே வாழ்க்கையை வாழ்ந்திருக்க வேண்டும்.

திரும்பப் போட்ட நிறத்தைக் கண்டுபிடிப்பது

புதிதாக நிறம் போடுவதற்கு முன் பழைய துருக்குழிகளை நீக்கவேண்டும், அதற்கு மெருகு போடவேண்டும், மெருகு போட்டால் உலோகம் குறையும். காட்டிக்கொடுப்பது நிறம் இல்லை, அந்த மெருகுதான்.

இரண்டு குழலுக்கும் நடுவே மேலே ஓடும் பட்டையில் செய்தவர் அல்லது விற்றவர் பெயர் செதுக்கியிருக்கும். மெட்ராஸ் பி. ஓர் அண்ட் சன்ஸ், கல்கத்தா மேன்டன் என்றெல்லாம் நம்மூர்ப் பக்கம் கிடைக்கும் பழைய துப்பாக்கிகளில் பார்க்கலாம், பெரும்பாலும் இங்கிலாந்தில் செய்து இங்கே பெயர் போட்டு விற்றவை. அந்த எழுத்தின் ஓரத்தை லென்ஸில் பாருங்கள். கையால் செதுக்கிய எழுத்துக்கு ஓரம் கூர்மையாக இருக்கும், வெட்டுவாயின் ஆழம் ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் மெலிந்தும் போகும். மெருகுச் சக்கரம் பட்டிருந்தால் ஓரங்கள் உருண்டிருக்கும், எழுத்தின் மெல்லிய வால்கள் காணாமல் போயிருக்கும், சக்கரம் ஓடிய திசையில் எழுத்து லேசாக இழுபட்டாற்போல் தெரியும். குழலின் அடியில் இருக்கும் சோதனை முத்திரைகளையும் (சுட்டுச் சோதித்துத் தேறிய குழலில் அடிப்பவை) இதே கண்ணோடு பாருங்கள். திருகுத் துளைகளைச் சுற்றி லேசான பள்ளம் விழுந்திருந்தால் அதுவும் சக்கரத்தின் வேலை.

அடுத்து, ஒரு ஜன்னல் சட்டத்தின் நிழலோ டியூப் லைட்டின் வெளிச்சமோ குழலின் நீளத்துக்கு ஒரு கோடாக விழும்படி பிடித்து, மெதுவாக உருட்டுங்கள். கோடு நேராக ஓடினால் நல்லது. அலை அலையாக நெளிந்தால் கையால் தாறுமாறாகத் தேய்த்திருக்கிறார்கள். ஒரே இடத்தில் மட்டும் உடைந்தால் அங்கே நசுங்கல் அல்லது வீக்கம் இருக்கலாம். வீக்கம் என்றால் விஷயம் பெரிது, அழகுப் பிரச்சினை இல்லை.

காரத் தொட்டியில் போட்டதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். இரட்டைக்குழலில் இரண்டு குழலையும் பட்டைகளையும் ஒட்டுவது பெரும்பாலும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு. தொட்டியின் சூடு அதை உருக்கப் போதாது, அந்தக் கலவை உருகவே சுமார் 183 டிகிரி வேண்டும். ஆனால் காரம் பற்றாசைத் தின்னும். தின்றுகொண்டே பட்டைக்கு அடியில் இருக்கும் வெற்றிடத்துக்குள் புகுந்துவிடும், அங்கிருந்து கழுவி எடுக்க வழியே இல்லை. சில மாதம் கழித்துப் பட்டையின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும், துடைத்தால் திரும்பப் பூக்கும், அதை ஒட்டி ஒரு துருக்கோடு கிளம்பும். பட்டை கழன்று வரும்வரை இது நடக்கும். டமாஸ்கஸ் குழலாக இருந்தால் காரம் ஒட்டுக்களில் இறங்கி இன்னும் மோசம். எனவே 1930-க்கு முந்தைய இரட்டைக்குழலில் ஜெட் கறுப்பு மினுமினுப்பைப் பார்த்தால் பட்டையின் ஓரத்தை அடிமுதல் நுனிவரை பாருங்கள். குழலை மட்டும் தனியாகக் கழற்றி, கொக்கியில் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று நீண்டு ஒலித்தால் பற்று உறுதியாக இருக்கிறது. டொக்கென்று நின்றாலோ கிறுகிறுவென்று அதிர்ந்தாலோ எங்கோ விட்டிருக்கிறது.

வயலட் கலந்த பழுப்பு, அதாவது நாவல்பழச் சாயை, இதுவும் பெரும்பாலும் காரத் தொட்டியின் மிச்சம்தான். தொட்டிச் சூடு சரியில்லாமல் போனாலோ உலோகக் கலவை ஒத்துவராவிட்டாலோ கறுப்பு நாளடைவில் அப்படித் திரும்பும்.

இன்னொரு வகை, குப்பியில் விற்கும் குளிர் ப்ளூயிங். தடவினால் உடனே கறுக்கும். அதில் இருப்பது பெரும்பாலும் செலினியமும் தாமிரமும், இரும்பின் ஆக்சைடு இல்லை. கீறலையும் வெளுத்த விளிம்பையும் மறைக்கப் போடுவார்கள். திட்டுத் திட்டாக, சாம்பல் நீலமாக, சாய்த்துப் பார்த்தால் எண்ணெய்ப் படலம் போன்ற நிறங்களோடு இருக்கும். விரலால் சூடேற அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் ஒரு தனி நெடி வரும், ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார்.

சுருக்கமாக: கூர்மை போன எழுத்து, நெளியும் வெளிச்சக் கோடு, பட்டை ஓரத்து வெள்ளை உப்பு, மரத்தோடு ஒத்துப்போகாத கறுப்பு. இவற்றில் ஒன்று இருந்தால் கேள்வி கேளுங்கள், இரண்டு மூன்று இருந்தால் அது திரும்பப் போட்ட நிறம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

நிறமாற்றங்கள், ஒவ்வொன்றாக

பழைய ப்ளூயிங் மேல் மெல்லிய பழுப்பு மூட்டம், துணியால் துடைத்தால் துணியில் ஒன்றும் ஒட்டவில்லை என்றால், அது வயசு. அப்படியே விடுங்கள்.

துணியில் ஆரஞ்சு ஒட்டினால் துரு உயிரோடு இருக்கிறது. நிறுத்தவேண்டும், எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

கரும்புள்ளிகள், நகத்தால் வருடினால் குழிவு தட்டுப்பட்டால், துருக்குழிகள். எண்ணெய் தடவினால் மறைந்தாற்போல் இருக்கும், உலர்ந்தால் திரும்பத் தெரியும். எண்ணெய் பூசிப் பளபளவென்று காட்டும் துப்பாக்கியைத் துணியால் துடைக்க அனுமதி கேளுங்கள், மறுத்தால் அதுவே ஒரு பதில்.

விரல் ரேகையே பதிந்தாற்போல் துரு இருந்தால் வியர்வையின் உப்பு. கடலோர ஊர்களில் இது ஒரு ராத்திரியில் வந்துவிடும்.

தொப்பி வெடியால் சுடும் பழைய வகையில், தொப்பியை மாட்டும் முலையைச் சுற்றிக் குழிகுழியாக அரித்திருப்பது சாதாரணம். அந்தத் தொப்பிகளின் மருந்தில் இருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்து உப்பாகப் படிந்து ஈரத்தை இழுத்தது. நன்றாக உழைத்ததாகச் சொல்லப்படும் துப்பாக்கியில் அந்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தால்தான் யோசிக்கவேண்டும்.

வைக்கோல் மஞ்சள், ஊதா, நீலம் என்று வானவில் பட்டையாக நிறம் தெரிந்தால் சூடு பட்டிருக்கிறது. எஃகு சுமார் 220 டிகிரியில் வைக்கோல் நிறமும் 300-ஐ நெருங்கும்போது நீலமும் எடுக்கும். ஈயப் பற்றாசு 183-லேயே உருகிவிடும் என்று மேலே பார்த்தோம். அப்படியானால் குழலில் நீலச் சூட்டு நிறம் இருக்கிறது என்றால், அங்கே சாதாரணப் பற்றாசு வேலைக்கு மேல் ஏதோ நடந்திருக்கிறது, வெல்டிங்கோ, தீ விபத்தோ. இந்தத் துப்பாக்கியைச் சுடவே கூடாது, சுவரில் மாட்டலாம். திருகுத் தலைகளில் வரும் அழகான நீலம் வேறு விஷயம், அது வேண்டுமென்றே சூடேற்றிக் கொடுப்பது.

நிறம் சொல்லாத விஷயம்

வெளிநிறம் எவ்வளவு அசலாக இருந்தாலும், சுடுவதற்குப் பத்திரமா என்பதைப் பற்றி அது ஒரு வார்த்தைகூடச் சொல்லாது. இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. கருமருந்தின் கசடு ஈரத்தை இழுக்கும், சுட்ட அன்றே கழுவாவிட்டால் குழலின் உள்பக்கம் குழி விழும். அந்தக் குழிகளை நீக்க உள்ளேயும் தேய்த்து மெருகு போடுவார்கள். அதனால் டார்ச் அடித்துப் பார்க்கும்போது உள்ளே பளிச்சென்று இருந்தால் இரண்டு அர்த்தம் உண்டு, நன்றாகப் பராமரித்தார்கள், அல்லது நிறையத் தேய்த்து எடுத்துவிட்டார்கள். கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது, அளக்கவேண்டும்.

குழலின் சுவர்க் கனத்தை அளக்கத் தனிக் கருவி இருக்கிறது. பிரிட்டிஷ் துப்பாக்கித் தொழிலில் குறைந்தபட்சம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு, அதாவது சுமார் அரை மில்லிமீட்டர், இருக்கவேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். 12 போர் (குழல் அளவின் பெயர்) குழலின் உள்விட்டம் பெயரளவில் 18.5 மில்லிமீட்டர், அதை விடக் கணிசமாகப் பெரிதாகியிருந்தால் உள்ளே தேய்த்திருக்கிறார்கள்.

அடியில் இருக்கும் சோதனை முத்திரைகளும் பேசும். லண்டன் துப்பாக்கிக் கைவினைஞர் சங்கம் 1637-இல் அரச சாசனம் பெற்றது, பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-இல் வந்தது, லீஜின் முத்திரை முட்டை வடிவத்துக்குள் ஈ, எல், ஜி எழுத்துகள். குழலை அதிக அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து, தாங்கினால் அடிக்கும் முத்திரை இது. பர்மிங்காமில் 1904-லிருந்து புகையில்லா மருந்துக்கு, அதாவது கருமருந்துக்குப் பிறகு வந்த துப்பாக்கி மருந்துக்கு, சோதித்த குழலுக்கு என், பி எழுத்துகள் அடித்தார்கள். அது இல்லாத பழைய குழல் கருமருந்துக்கு மட்டும் செய்ததாக இருக்கலாம். டமாஸ்கஸ் என்றாலே வெடிக்கும் என்பதும் தவறு, புகையில்லா மருந்துக்குச் சோதித்துத் தேறிய டமாஸ்கஸ் குழல்கள் இங்கிலாந்தில் இன்றும் சுடுகின்றன. ஆனால் முத்திரை அடித்தபிறகு குழலைத் தேய்த்திருந்தால் அந்த முத்திரைக்கு அர்த்தம் இல்லை. தோட்டா அறையின் நீளமும் பழையவற்றில் குறைவு, இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டா உள்ளே போய்விடும், வெடிக்கும்போது விரிய இடம் இருக்காது. சுடும் எண்ணம் இருந்தால் தெரிந்தவர் கையில் கொடுத்து அளந்த பிறகுதான்.

கை வைக்கலாமா?

துரு நீக்கும் திரவம், வினிகர், எலுமிச்சை, புளி, கோலா, எதுவும் வேண்டாம். காரணம் நேரடியானது. அமிலத்துக்கு எல்லா இரும்பு ஆக்சைடும் ஒன்றுதான். துருவும் ஆக்சைடு, பிரவுனிங்கும் ஆக்சைடு, ப்ளூயிங்கும் ஆக்சைடு. கெட்டதை எடுத்துவிட்டு நல்லதை விட்டுவைக்க அதற்குத் தெரியாது. பித்தளை விளக்கைத் தேய்க்கும் பழக்கத்தில் குழலைப் புளி போட்டுத் தேய்த்தால் பத்து நிமிஷத்தில் வெள்ளை இரும்பு வந்துவிடும், சாயங்காலம் அதன் மேல் புதுத் துரு வரும்.

உயிரோடு இருக்கும் துருவுக்கு எண்ணெய்தான் மருந்து. மெல்லிய துப்பாக்கி எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, துணியால் துடைத்து, மறுபடி ஊறவிடுங்கள். போகாத இடத்தில் தாமிரத் தகடு ஒன்றின் ஓரத்தால், எண்ணெயோடு, லேசாகச் சுரண்டலாம், தாமிரம் எஃகை விட மென்மை என்பதால் கீறாது. ஆரஞ்சு ஒட்டுவது நின்றால் நீங்களும் நிறுத்திவிடுங்கள். அடியில் இருக்கும் கரும்புள்ளியைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள்.

முழுவதும் புது நிறம் போடலாமா என்பதற்கு நாட்டுக்கு நாடு பதில் வேறு. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் பார்க்கர், எல்.சி. ஸ்மித் போன்ற கம்பெனிகளின் துப்பாக்கிகளில் அசல் நிறம் எத்தனை சதவீதம் மிச்சம் என்றே விலை பேசுவார்கள், தேய்ந்த அசலுக்கு மதிப்பு அதிகம், புதுசாகப் போட்டதற்குக் குறைவு. இங்கிலாந்தில் துப்பாக்கி வேட்டைப் பருவம் முடிந்ததும் செய்த கடைக்கே பராமரிப்புக்குப் போகும், கறுப்பாக்குவது அதில் ஒரு வழக்கமான வேலை, பழைய முறையில் சரியாகச் செய்திருந்தால் யாரும் குறை சொல்வதில்லை. நான் முதல் கட்சி. தமிழ்நாட்டில் கிடைக்கும் பழைய குழல்களில் அசல் நிறம் மிச்சம் இருப்பதே அபூர்வம், கொதி முறையில் பொறுமையாக வேலை செய்பவர் கிடைப்பது அதைவிட அபூர்வம். காரத் தொட்டிதான் கிடைக்கும் என்றால் நிறம் போடவே வேண்டாம்.

வைக்கும் இடத்தைக் கவனியுங்கள். தோல் உறையில் பூட்டி வைப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது, தோல் பதனிடும் அமிலமும் அதில் தங்கும் ஈரமும் சேர்ந்து குழலின் ஒரு பக்கத்தை முழுக்க அரித்துவிடும். உறை எடுத்துப் போக, வரத்தான். வீட்டில் காற்றோட்டமான பூட்டிய அலமாரியில், எண்ணெய்த் துணியால் துடைத்து, குழல்வாய் கீழே வரும்படி, கனமான துணி மேல் நிறுத்துங்கள். வாய் மேலே இருந்தால் எண்ணெய் மெல்ல மெல்ல வழிந்து கட்டையின் கழுத்தில் ஊறி மரத்தைக் கறுப்பாக்கி மெத்தென்று ஆக்கிவிடும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது எடுத்துப் பாருங்கள், தொட்ட இடத்தையெல்லாம் துடைத்துவிட்டு வையுங்கள்.